பற்பசை, பிராஸோ, வாழைப்பழம்: கீறிய தட்டுக்கு வீட்டு மருந்து உண்டா?

சிங்கப்பூரில், ஆங் மோ கியோவின் தொழிற்பேட்டையில் வழவழப்பை நானோமீட்டரில் அளக்கிறார்கள். 1984 முதல் அங்கே சிலிக்கான் சில்லு ஆலை இயங்குகிறது. சீகேட்டின் வன்தட்டு ஆலையும், 2009இல் மூடும் அறிவிப்பு வரும்வரை, அதே வட்டாரத்தில்தான் இருந்தது. சாலையைக் கடந்தால் 1973இல் எழும்பத் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள். அங்கே வழவழப்புக்கு வேறு சரக்குகள்: குளியலறையில் பற்பசை, தேசிய சேவையில் இடைவார்க் கொக்கியைத் துலக்கிய காலத்துப் பிராஸோ டப்பா, சமையலறையில் கனிந்து கறுக்கத் தொடங்கிய வாழைப்பழம்.

இந்த மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவது ஒரு பழைய கேள்வி. கீறல் விழுந்த சி.டி.யை, விளையாட்டுத் தட்டை, வீட்டில் இருப்பதைக் கொண்டே சரிசெய்ய முடியுமா? நாற்பது ஆண்டுகளாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். முடியும் என்பவர்களும், முடியவே முடியாது என்பவர்களும், பற்பசை சரி ஆனால் பிராஸோ கூடாது என்பவர்களும் தத்தம் விடையில் உறுதியாக நிற்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு ஏடுகள் குறுந்தகடு, குறுவட்டு என்றெல்லாம் எழுதின. இலங்கையில் இறுவட்டு என்றார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் அது எப்போதும் சீடிதான். இங்கே சி.டி., வி.சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தட்டு என்றே சொல்லலாம்.

காயம் எந்தப் பக்கத்தில்?

வீட்டு வைத்தியம் பற்றிய சண்டைகளில் பாதி, தட்டின் உடலமைப்பைப் பார்க்காமல் போடப்படுபவை. சி.டி. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் வில்லை. பளபளக்கும் அடிப்பக்கத்தில் தகவல் எதுவும் இல்லை. அது வெறும் சன்னல். தகவல் குழிகள் மேற்பக்கத்தில், படம் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றின் மீது ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாத அலுமினியப் பூச்சு, அதன் மேல் மெல்லிய அரக்குப் படலம், அதற்கும் மேலே அச்சு.

ஆகவே அடிப்பக்கக் கீறல் சன்னல் கண்ணாடியில் விழுந்த கீறல். மேற்பக்கக் கீறல், அலுமினியத்தைத் தொட்டுவிட்டால், அறையிலிருந்த பொருளே பறிபோனதற்குச் சமம். தட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித் துளையாக வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்க்கலாம். ஊடுருவினால் அந்த இடத்துத் தகவல் போய்விட்டது, எந்தப் பசையும் அதைத் திருப்பித் தராது. பெரும்பாலானோர் தட்டை மேசையில் கவிழ்த்துவைத்து, பளபளக்கும் பக்கத்தைப் பாதுகாத்துவிட்டதாக நினைக்கிறார்கள். சி.டி.யைப் பொறுத்தவரை அது நேர்தலைகீழான எச்சரிக்கை. டி.வி.டி. இதில் கொஞ்சம் பாக்கியசாலி: இரண்டு 0.6 மில்லிமீட்டர் வில்லைகளை ஒட்டிச் செய்வதால், தகவல் நடுவே பத்திரமாக இருக்கிறது.

அடிப்பக்கக் கீறல் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படுவதற்கும் காரணம் உண்டு. தட்டுக்குள் நுழையும் இடத்தில் சி.டி.யின் லேசர்க் கற்றை ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் அகலம். உள்ளே போய்த்தான் ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவுப் புள்ளியாகக் குவிகிறது. மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசி, தொலைவில் இருப்பதைப் பார்க்கும்போது தெரியாமல் போவதைப் போல, மேற்பரப்பின் சிறு கீறல் கற்றையின் ஓர் ஓரத்தை மட்டும் மறைக்கிறது. டி.வி.டி.யில் இந்த நுழைவு அகலம் அரை மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. ப்ளூ-ரேயில் தகவல் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், நுழைவு அகலமும் 0.13 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒரே கீறல் மூன்று தலைமுறைத் தட்டுகளில் மூன்று வெவ்வேறு நோய். இதைக் கவனிக்காமல் "தட்டுக்குப் பற்பசை நல்லது" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை.

கெடாத தட்டு என்ற வாக்கு

வீட்டு வைத்தியங்களின் பிறப்புக்கு ஒரு வாக்குறுதி காரணம். சி.டி. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, ஊசி உரசாத, தேயாத இசைத்தட்டு என்றே அறிமுகமானது. தேயாது என்பது சரி. லேசர் எதையும் உரசுவதில்லை. அதைக் கேட்டவர்கள் கெடாது என்று எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசைக் கோப்பைக்கு அடியில் வைத்தாலும் பாடும் என்ற நம்பிக்கை பரவி, சில ஆண்டுகளில் உடைந்தது. ஏமாற்றம் வந்த இடத்தில் கைவைத்தியம் புகுந்தது.

அந்த வாக்குறுதி முழுப் பொய்யும் அல்ல. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீடு ஒவ்வொரு சி.டி.க்குள்ளும் வேலை செய்கிறது. தகவல் துண்டுகள் அடுத்தடுத்து எழுதப்படாமல் கலைத்துப் பரப்பப்படுகின்றன. தடத்தில் தொடர்ச்சியாக ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம், அதாவது 4,000 பிட் அளவு, படிக்க முடியாமல் போனாலும் மீதியிலிருந்து கணக்குப் போட்டு முழுமையாக மீட்டுவிடலாம். அதற்கும் மேலே போனால் இசைத்தட்டுக் கருவி இடைவெளியை ஊகித்து நிரப்பும். காதுக்குப் பெரும்பாலும் தெரியாது.

விளையாட்டுத் தட்டின் கதை வேறு. நிரலில் ஒரு பைட்டை ஊகித்து நிரப்ப முடியாது. தப்பினால் ஆட்டம் உறைந்து நின்றுவிடும். அதனால் தகவல் தட்டுகளில் 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட்டை மட்டும் பயனுக்கு வைத்து, மீதியின் பெரும்பங்கைக் கூடுதல் பிழைதிருத்தத்துக்குக் கொடுத்தார்கள். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் தட்டுகள் ஒரே வில்லையில் இரு முறைகளையும் கலந்து வைத்தவை: நிரல் கூடுதல் காப்போடு, கதைக்காட்சியின் பேச்சு போன்றவை அந்தக் காப்பு இல்லாமல். கீறிய தட்டில் கதைக்காட்சி திக்கித் திணறியும் ஆட்டம் மட்டும் ஓடியதற்கு இது ஒரு விளக்கம். அந்தத் தட்டுகளின் கறுப்பு அடிப்பரப்பு ஒரு தனி மர்மமாகப் பேசப்பட்டது. 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு அந்தக் கறுப்புச் சாயம் கண்ணாடிதான். கீறலைத் தாங்கும் வலிமையை அது கொடுக்கவில்லை.

வி.சி.டி. என்ற நம்முடைய நோயாளி

மேற்கத்திய வழிகாட்டிகள் இசைத்தட்டையும் விளையாட்டுத் தட்டையும் மட்டுமே பேசும். தென்கிழக்காசியாவில் அதிகம் கைமாறி அதிகம் கீறப்பட்டது வி.சி.டி. 1993இல் வரையறுக்கப்பட்ட இந்த வடிவம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊன்றவே இல்லை. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், சீனா எங்கும் வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் தமிழ்ப்படம் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ தட்டு. லிட்டில் இந்தியாவில் வாங்கிய படம் தோபாயோவுக்கும் ஆங் மோ கியோவுக்கும் உறவினர் கைவழி பயணித்து, இரண்டாம் தட்டு மட்டும் கீறலோடு திரும்பும். இடைவேளைக்குப் பிந்தைய திருப்பம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்ற அனுபவம் அந்தத் தலைமுறைக்குப் பொது.

சிதறுவதற்குக் காரணம் வி.சி.டி.யின் அமைப்பிலேயே இருக்கிறது. படத்துக்கு இடம் போதாததால் கூடுதல் பிழைதிருத்தத்தை விட்டுவிட்டு, ஒரு பகுதிக்கு 2,324 பைட் என்று படத்தையே அடைத்தார்கள். ஆக, நிரல் தட்டைக் காட்டிலும் வி.சி.டி. கீறலுக்கு எளிதாகப் பிழைவிடும். ஆனால் பிழைவிட்டாலும் நின்றுபோகாமல் கட்டங்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். வீட்டு வைத்தியத்தின் புகழுக்கு இது முக்கியம். மூன்று இடத்தில் சிதறிய படம் பற்பசைக்குப் பிறகு ஒரே இடத்தில் சிதறினால் வெற்றி என்று சொல்லலாம். விளையாட்டுத் தட்டில் அப்படிப் பாதி வெற்றி கிடையாது. ஓடும், அல்லது ஓடாது. பற்பசையைப் புகழ்பவரும் இகழ்பவரும் வெவ்வேறு நோயாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

துடைப்பவர்கள்

மிகப் பழைய, மிக எளிய விடை: கீறலைத் தொடாதே, அழுக்கைத் துடை. இதன் அதிகாரபூர்வ வடிவம் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்துக்காக ஃபிரெட் பையர்ஸ் எழுதி 2003 அக்டோபரில் வெளியான கையேட்டில் கிடைக்கிறது. நூலகர்களுக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கும் எழுதப்பட்ட அந்தக் கையேடு, மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்கச் சொல்கிறது; வட்டமாகத் துடைப்பதைத் தடுக்கிறது.

இந்த நேர்கோட்டு விதி வெறும் சம்பிரதாயம் அல்ல. தடங்கள் சுருளாக ஓடுகின்றன. மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் குறுக்கே வெட்டி, தன் அகலம் அளவுக்கே சேதம் செய்யும். கால் மில்லிமீட்டர் அகலம் என்றாலும் 2.5 மில்லிமீட்டர் வரம்புக்குள் அது எளிதாக அடங்கிவிடும். வட்டப்போக்கில் விழுந்த கீறலோ ஒரே தடத்தோடு சேர்ந்து ஓடி வரம்பை மீறும். லேசர் தடத்தைப் பின்தொடர்வதையும் குழப்பும். அதனால்தான் கண்ணுக்கு அச்சமூட்டும் நெடுக்குக் கீறல் உள்ள தட்டு பாடுகிறது, மெல்லிய வளைகோடு விழுந்த தட்டு திக்குகிறது.

சிங்கப்பூரில் துடைப்பவர்களின் கட்சிக்குக் கூடுதல் வலு உண்டு. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். நிழற்படக்காரர்கள் வில்லைகளில் பூஞ்சை படியாமலிருக்க உலர்பெட்டி வாங்கும் ஊர் இது. கைரேகை எண்ணெயும் ஈரமும் தூசியும் சேர்ந்த படலம் கீறலைவிட அதிகமாக ஒளியை மறைக்கக்கூடும். பூஞ்சை தட்டையே தின்ற வழக்கும் உண்டு. வெப்பமண்டல நாடான பெலிஸிலிருந்து வந்த ஒரு சி.டி.யில், ஜியோட்ரிக்கம் இனப் பூஞ்சை விளிம்பு வழியே புகுந்து அலுமினியத்தை அரித்திருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். அந்த நோயைத் துடைத்தும் தீர்க்க முடியாது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் அடக்கத்திலேயே இருக்கிறது. உண்மையிலேயே கீறல் விழுந்த தட்டுக்கு அதனிடம் மருந்தில்லை. வேறு பிரதி வாங்கு என்பதே அதன் முடிவு. நூலகத்துக்கு அது சரி. கடையில் இனிக் கிடைக்காத விளையாட்டை வைத்திருப்பவருக்கு அது பதிலாகாது.

நிரப்புபவர்கள்

கார் மெழுகு, மரச்சாமான் மெருகு, வாசலின், உதட்டு மெழுகு, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம். பார்த்தால் பலசரக்குக் கடைப் பட்டியல் போலிருக்கும். பின்னாலுள்ள கருத்து ஒன்றே. கீறலில் இருப்பது காற்று. பிளாஸ்டிக்கிலிருந்து காற்றுக்கு மாறும் இடத்தில் ஒளி வளைந்து சிதறுகிறது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகலுக்கு நெருங்கிய ஒன்றால் பள்ளத்தை நிரப்பினால் லேசரின் கண்ணுக்குக் கீறல் மறையும். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55 முதல் 1.58, மெழுகு, வாசலின் வகைகள் 1.43 முதல் 1.48 வரை; காற்று 1. பொருத்தம் முழுமையில்லை, ஆனாலும் காற்றைவிட வெகு நெருக்கம். இயற்பியலில் இக்கட்சியின் கால் உறுதியாகவே ஊன்றியிருக்கிறது.

பற்பசைக்குள்ளும் இதே இயற்பியல் ஒளிந்திருக்கிறது. நிறமற்ற ஜெல் பற்பசை கண்ணாடிபோல் தெரிவது, அதிலுள்ள சிலிக்கா துகளின் ஒளிவிலகலும் சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான். ஜெல்லில் உராய்வுத் துகள் கிடையாது, அதனால் அது தட்டுக்கு உதவாது என்ற பரவலான அறிவுரை இங்கே தடுமாறுகிறது. துகள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

வாழைப்பழத்தைப் பற்றி நியாயமாகப் பேசுவது கடினம். சதையைத் தடவி, தோலின் உட்புறத்தால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் கழுவச் சொல்கிறது அந்த வைத்தியம். சதையில் முக்கால்வாசி நீர். தோலில் சிறிதளவு மெழுகு உண்டு. நிரப்புவதற்குப் போதுமான பொருள் கழுவிய பிறகும் மிஞ்சுமா என்பது ஐயத்துக்குரியது. மிஞ்சுவது ஒன்று உறுதி: நன்கு துடைக்கப்பட்ட தட்டு. வாழைப்பழத்தின் வெற்றிகளில் எத்தனை, உண்மையில் துடைப்பவர்களின் வெற்றி?

நிரப்பலின் குறைகள் வெளிப்படையானவை. மெழுகு நிலையற்றது. சுழலும் தட்டிலிருந்து எண்ணெய்ப் பசை தெறித்து லேசர் வில்லையில் படிந்தால், ஒரு தட்டின் நோய் எல்லாத் தட்டுகளுக்கும் பரவும். ஒரே ஒருமுறை படித்துப் பிரதி எடுத்துக்கொள்ள மெழுகு போதலாம்; அடிக்கடி விளையாட அது உதவாது.

தேய்ப்பவர்கள்

விவாதத்தின் நடுக்களம் இது. பள்ளத்தை நிரப்ப முடியாவிட்டால் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கு என்கிறது இக்கட்சி. தமிழ் வீடுகளுக்கு இது புதிதல்ல. குத்துவிளக்கைப் புளியாலும் சாம்பலாலும் துலக்கிய கைகள் பிராஸோவுக்கு மாறியது போலவே, பல்பொடியும் பற்பசையும் வெள்ளிக் கொலுசிலிருந்து தட்டுக்குத் தாவின.

கொள்கை தவறில்லை. கீறலை அழிக்க ஒரே வழி, அதைவிடச் சிறிய கீறல்கள் பலவற்றை அதன் இடத்தில் போடுவது. பிறகு அவற்றைவிடச் சிறியவை. சில்லுத் தொழிலிலும் சிலிக்கான் வில்லையை இப்படித்தான் படிப்படியாக மெருகேற்றுகிறார்கள். ஆங் மோ கியோவின் வாகனப் பட்டறைகளில் மங்கிய முன்விளக்கைப் பளபளப்பாக்குவதும் இதே வேலை, அதுவும் இதே பொருளின் மீது: இக்கால முன்விளக்கு உறைகளும் பாலிகார்பனேட்தான்.

பற்பசையின் பிரச்சினை, அது ஒரே படி என்பது. அதிலுள்ள கால்சியம் கார்பனேட் அல்லது சிலிக்கா துகள்கள் சில மைக்ரோமீட்டர் பருமன். லேசரின் அலைநீளத்தைவிட அவை பெரியவை. எவ்வளவு நேரம் தேய்த்தாலும் அந்தத் துகள் அளவுக்கு மேலான வழவழப்பு வராது. கீறல் மறையும் இடத்தில் மெல்லிய மூட்டம் படரும். சி.டி.யில் அந்த மூட்டம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளப்படும், மேலே சொன்ன அகலக் கற்றையின் தயவால். டி.வி.டி.யில் பொறுமை குறைவு.

இன்னொரு சிக்கல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பற்பசை ஒரே மருந்து அல்ல. பற்களின் உள்திசுவை எவ்வளவு தேய்க்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அனைத்துலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 11609 அதற்கு 250 என்று மேல்வரம்பு வைக்கிறது. கூச்சமுள்ள பற்களுக்கான பசை அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும்; கறைநீக்கும் பசை வரம்பை நெருங்கலாம். "பற்பசை போட்டேன், சரியாகிவிட்டது" என்ற சாட்சியத்தில் எந்தப் பசை என்ற தகவல் இல்லாவிட்டால், "மாத்திரை சாப்பிட்டேன், குணமானது" என்பதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

பிராஸோவின் துகள் இன்னும் நுண்மையானது என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். கண்ணுக்கு வரும் பளபளப்பு பற்பசையைவிட மேலானது என்று பலர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் பிராஸோ உலோகத்துக்குச் செய்யப்பட்டது. அமோனியா சார்ந்த பொருளும் பெட்ரோலியக் கரைப்பானும் அதில் உண்டு. பாலிகார்பனேட்டுக்கு அமோனியா ஆகாது; உடனே தெரியாத நுண்விரிசல்களைக் காலப்போக்கில் உண்டாக்கக்கூடும். இன்று பாடும் தட்டு பத்தாண்டு கழித்தும் பாடுமா என்பதே கேள்வி. அன்றிரவே ஆட்டத்தை முடித்துவிட நினைப்பவருக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படுவதில்லை. பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் மெருகுப் பசை இருக்கும்போது பிராஸோவைத் தேடிப்போக இன்று நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆழம் இக்கட்சியின் உண்மையான எல்லை. தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். நகம் வைத்து இழுத்தால் தட்டுப்படாத கீறல் அதில் சிறு பங்குதான். கையால் தேய்த்து மட்டப்படுத்தலாம். நகத்தில் தட்டுப்படும் கீறலைக் கையால் தேய்ப்பவர் அந்த இடத்தை மட்டும் அழுத்தித் தேய்ப்பார். அங்கே ஆழமற்ற கிண்ணம் ஒன்று உருவாகும். அந்தக் கிண்ணம் ஒரு வில்லைபோல் கற்றையை வளைத்து, கீறல் செய்ததைவிட அதிகக் கேட்டைச் செய்யலாம். கடைகளிலும் வாடகை நிலையங்களிலும் இருந்த மெருகு இயந்திரங்களின் மேன்மை இங்கேதான்: முழுப் பரப்பையும் ஒரே சீராக இறக்கும். அதற்கும் கணக்கு உண்டு. சி.டி.யின் தடிமன் 1.2 மில்லிமீட்டருக்குக் கீழே 0.1 மில்லிமீட்டர்தான் இறங்கலாம் என்பது வரையறை. ஒவ்வொரு சிகிச்சையும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்த செலவு.

ப்ளூ-ரேக்கு இந்த வாதங்கள் எதுவும் பொருந்தாது. மேலுறையே 0.1 மில்லிமீட்டர், அதன் மீது கீறலைத் தடுக்கும் கடினப் பூச்சு. தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சு. அடுத்து, லேசர் எதிர்பார்க்கும் உறைத் தடிமன். பிளேஸ்டேஷன் 3 முதலான தட்டுகளுக்குப் பழைய வைத்தியத்தைக் கொண்டுபோவது, இருக்கும் உயிரையும் வாங்குவதற்கே வழி.

சூடும் குளிரும்

கொதிநீரில் முக்குதல், மேசைவிளக்கின் அருகே காட்டுதல், உறைபெட்டியில் ஓரிரவு வைத்தல். பாலிகார்பனேட் ஏறத்தாழ 147 டிகிரி செல்சியஸில்தான் இளகத் தொடங்கும். கொதிநீரின் 100 டிகிரி கீறலை இளக்கி மூடாது. தட்டை வளைக்கவும் ஒட்டுப்பசையைக் கெடுக்கவும் போதும். உறைபெட்டிக்கு விளக்கம் தரும் இயற்பியல் எதுவும் முன்வைக்கப்படவில்லை. சிங்கப்பூர்க் காற்றில் அதிலிருந்து எடுத்த தட்டு உடனே வியர்க்கும், துடைக்க வேண்டிவரும். ஒருவேளை அந்தத் துடைப்பே மருந்தாகியிருக்கலாம்.

நோயாளி தட்டுதானா?

இன்னொரு கட்சி பழியைத் தட்டிலிருந்து எடுத்துக் கருவியின் மீது போடுகிறது. முதல் பிளேஸ்டேஷனின் லேசர் நகரும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்துபோக, பெட்டியைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வைத்து விளையாடியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். தட்டு அதேதான், ஈர்ப்பு விசையின் திசை மட்டும் மாறியது. ஒரே தட்டு ஒரு கருவியில் திக்கி மற்றொன்றில் ஓடுவது இக்கட்சியின் வலுவான சாட்சி.

கீறலைக் கருவியே போடுகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இயங்கும்போது அசைந்தால் தட்டில் வட்டமாக ஆழக் கீறல் விழுவதாக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், மேல்முறையீடு செய்யும் முறை சரியா என்பதுதான் அங்கே தீர்ப்பானது. கீறலுக்கு யார் பொறுப்பு என்பது அல்ல. அந்த வளையக் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடுவது, வைத்தியங்களுக்கு மிகவும் அடங்காத வகை.

சாட்சியம் ஏன் தேறவில்லை

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் விடை ஒன்றுபடாததற்கு, வைத்தியம் பார்க்கும் முறையையே காரணம் சொல்லலாம். ஒருவர் ஒரு தட்டை எடுத்து, கழுவி, தேய்த்து, மறுபடி கழுவி, துடைத்து, கருவியில் போடுகிறார். ஓடுகிறது. புகழ் பற்பசைக்குப் போகிறது. கழுவலும் துடைப்பும் சேர்ந்தே நடந்தன என்பது கணக்கில் வருவதில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் தட்டு ஒருநாள் ஓடி மறுநாள் ஓடாமலும் இருக்கும். பிழைதிருத்தம் அப்படிப்பட்டது, வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே எல்லாம் நலம், மேலே எல்லாம் பாழ். தோற்றவர்கள் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். வென்றவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

தட்டின் தரமும் ஒரே சீர் அல்ல. அச்சுவார்ப்பில் அழுத்திய தட்டும், சாயப் படலத்தில் எழுதிய பதிவுத் தட்டும் வேறு வேறு. தொண்ணூறுகளில் மலிவாகப் பரவிய திருட்டுப் பிரதிகள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டின. சிங்கப்பூர் 2004இல் ஒளித்தட்டு உற்பத்திச் சட்டம் கொண்டுவந்து, ஆலைகளுக்கு உரிமத்தையும் தட்டின் உள்வளையத்தில் மூலக் குறியீட்டையும் கட்டாயமாக்கியது. அந்தக் குறியீடு திருட்டைப் பிடிக்க வந்தது. ஒரு தட்டு எந்த வகை என்று தெரிந்துகொள்ள நினைப்பவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

படியெடுப்பவர்கள்

கடைசியாக வந்த விடை கேள்வியையே மாற்றுகிறது. தட்டு முக்கியமல்ல, தகவல்தான் முக்கியம் என்கிறது. 1998இல் வந்த எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் சந்தேகத்துக்குரிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, விடைகள் ஒத்துப்போகும்வரை காத்திருக்கும். கருவி ஒரே பாய்ச்சலில் தவறவிட்டது, பொறுமையான வாசிப்பில் கிடைக்கலாம். ஒரே விளையாட்டின் இரு கீறிய பிரதிகளிலிருந்து ஒரு முழுப் பிரதியைத் தொகுப்பதும் நடக்கிறது.

தொழில்நுட்பத்தில் இதுவே மிக வலுவான நிலைப்பாடு என்று சொல்லத் தோன்றுகிறது. பலவீனம் சட்டத்தில் இருக்கிறது. கணினி நிரலின் காப்புப் பிரதிக்குச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடுக்கவும் செய்கிறது. விளையாட்டுத் தட்டுகளுக்குப் பூட்டு இல்லாமல் இருப்பது அரிது. எடுத்த பிரதியைப் பழைய கருவி ஏற்றுக்கொள்ளாது என்பது இன்னொரு தடை.

தீராமல் நிற்பவை

சில விடைகள் நியாயமான உறுதியோடு நிற்கின்றன. மேற்பக்கக் காயத்துக்கு மருந்தில்லை. சூடும் குளிரும் கேடு. ப்ளூ-ரேயைத் தேய்க்கக் கூடாது. நேர்கோட்டில் துடைப்பது எதற்கும் முன்னால் வர வேண்டிய படி. நகத்தில் தட்டுப்படாத கீறல் விழுந்த சி.டி.யிலும் வி.சி.டி.யிலும் நுண்மையான மெருகு உதவக்கூடும்.

திறந்திருப்பவை இவை: பற்பசையின் பங்கு எவ்வளவு, அதோடு சேர்ந்து நடக்கும் கழுவலின் பங்கு எவ்வளவு? பிராஸோ தொட்ட தட்டுகள் இருபது ஆண்டுக்குப் பிறகு எப்படி இருக்கின்றன? நம் ஈரப்பதத்தில் மெழுகு நிரப்பல் எத்தனை நாள் தாங்கும்? முதல் கேள்விக்கு ஆய்வகம் தேவையில்லை. பழுதுபார்க்கும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி 2014 முதல் நடந்துவரும் ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற முயற்சிகள் உள்ள ஊர் இது. கீறிய வி.சி.டி. இருபதை எடுத்துப் பாதியைத் துடைக்க மட்டும் செய்து, மீதியைத் துடைத்துப் பற்பசையும் போட்டு, திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் குறித்துக்கொண்டால் போதும். அந்த எண்ணிக்கையைக் காட்டும் பழைய கணினி ஓட்டி ஒன்றும், பசையின் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறவர்கள் முன்வரலாம்.